தரங்கம்பாடி: ஓர் இரவாவது தங்குங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களில் பலர் தரங்கம்பாடியில் வண்டியை நிறுத்துகிறார்கள். கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். குழந்தைகள் அலையில் கால் நனைக்கிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். பூம்புகாருக்கும் காரைக்காலுக்கும் வேளாங்கண்ணிக்கும் கூட்டம் போகிறது. நடுவில் இருக்கும் இந்த ஊருக்குக் கிடைப்பது அந்த அரை மணி நேரம்தான்.

இந்த அத்தியாயம் உங்களிடம் கேட்பது ஒரு மாலை, ஓர் இரவு, ஒரு காலை. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை நகர வாயிலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தே பார்க்கலாம். ஆனால் வெயில் ஏறிய பிறகு வந்து அவசரமாகப் பார்த்தால் சில வெள்ளைச் சுவர்களும் பூட்டிய கதவுகளும்தான் மனதில் நிற்கும். எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்று தெரிந்து வந்தால் நானூறு ஆண்டுக் கதையை ஒரே தெருவில் நடந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்த அமைதி எப்படி வந்தது

தெருவில் இறங்குமுன் ஊரின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய கல்வெட்டில் இவ்வூருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் உண்டு. 1616-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் முன்னோடிக் கப்பல் 1619-ல் காரைக்கால் அருகே போர்த்துகீசியர்களின் தாக்குதலில் அழிந்தது. தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற வணிகர் தஞ்சை அரண்மனையை அடைந்தார். அடுத்த ஆண்டு ஓவே ஜெட்டே தலைமையில் டேனிஷ் கப்பல்கள் வந்தபோது, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் பொன்னோலையில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் காக்கப்படுகிறது.

மிளகுக்காகவும் துணிக்காகவும் வந்தவர்கள் 225 ஆண்டுகள் இங்கே இருந்தார்கள். 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் தங்களிடமிருந்த இடங்களையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயர்கள் சில ஆண்டுகள் இவ்வூரைத் தஞ்சை மாவட்டத்தின் தலைநகராக வைத்திருந்தார்கள். 1860-ல் கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்குக் கப்பல்களும் அங்கே போய்விட்டன. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ஒரு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். அதுவும் 1986-ல் நின்றுபோனது.

துறைமுகம் போனது, கலெக்டர் போனார், ரயில் போனது. பெரிய கடைவீதி எழவில்லை. பழைய வீடுகளை இடித்து மாடி கட்டும் அளவுக்கு யாருக்கும் அவசரம் வரவில்லை. இன்று நாம் ரசிக்கும் அமைதி அப்படி வந்ததுதான். ஊர்க்காரர்களுக்கு அது பிழைப்பு நகர்ந்துபோன வலி. இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், மூடிக் கிடக்கும் ஒவ்வொரு வாசலும் வேறு மாதிரித் தெரியும்.

வந்து சேர்வது

2020-ல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடி ஒரு வட்டத் தலைநகர். மயிலாடுதுறை ரயில் சந்திப்பில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து பொறையாறு, தரங்கம்பாடி பேருந்துகள் உண்டு. காரைக்கால் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் பேருந்துகளும் இந்தப் பக்கம் வரும். ஏறும்போதே நடத்துநரிடம் "தரங்கம்பாடியில் நிற்குமா, பொறையாறில் இறங்க வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொறையாறு பக்கத்து ஊர்தான், ஆட்டோ கிடைக்கும்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகர வாயிலுக்குள் காரை ஓட்டிக்கொண்டு நேரே கோட்டை வரை போய்விடாதீர்கள். வாயிலுக்கு அருகில் இறங்கிக்கொண்டு, வண்டியை விடுதிக்கோ மைதானத்துக்கோ அனுப்பிவிட்டு நடங்கள். இவ்வூர் மேற்கிலிருந்து கிழக்காக, வாயிலிலிருந்து கடலை நோக்கி அமைந்த ஊர். அந்த வரிசையில் பார்த்தால்தான் கதை புரியும்.

எப்போது வரலாம்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய மிகவும் இதமான காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, கூடவே புயல் எச்சரிக்கைகள். அப்போது கடல் பார்க்க அழகாக இருந்தாலும் பயணத் திட்டத்தை நம்ப முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. விடியற்காலையும் மாலையும் மட்டுமே நடக்க முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறும். சிறிய படகுகள் கரையோரத்தில் பிடித்து வருவதுதான் கிடைக்கும்.

கிழமையும் முக்கியம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆகவே வெள்ளி மாலை வந்து சனிக்கிழமை காலை கோட்டைக்குள் போவது, அல்லது சனி மாலை வந்து ஞாயிறு காலை போவது வசதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும். அப்போது உள்ளே சுற்றிப் பார்ப்பதைத் தவிர்த்துவிட்டு, விரும்பினால் அமர்ந்து கலந்துகொள்ளலாம்.

முதல் நடை: மாலை நான்கு மணி, வாயிலிலிருந்து கடல் வரை

நகர வாயிலில் தொடங்குங்கள். வெள்ளையடித்த இந்த நுழைவாயில் 1792-ல் கட்டியது. நெற்றியில் டேனிஷ் அரச முத்திரையும் ஆண்டும் இருக்கும். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் மதில் இருந்தது. அந்த மதிலுக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது. 1655 முதல் 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. கம்பெனியே நொடித்துப்போயிருந்தது. அந்தப் பதினான்கு ஆண்டுகள் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவர் உள்ளூர் ஆட்களின் துணையோடு கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அவர்தான். கடைசியில் சொந்த நாட்டுக் கப்பல் கண்ணில் பட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று வாயிலைக் கடக்கும்போது நினைத்துப் பாருங்கள்.

உள்ளே நீளும் தெரு ராஜ வீதி. ஊரில் கிங் தெரு என்றும் சொல்வார்கள். இதில் முதலில் வருவது 1701-ல் எழுந்த சீயோன் தேவாலயம். கோட்டைக்குள் வழிபட்டு வந்த டேனிஷ்காரர்கள் ஊருக்குள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது.

அடுத்து புதிய எருசலேம் ஆலயம். இங்கே அதிக நேரம் நில்லுங்கள். 1706 ஜூலை 9 அன்று பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இவ்வூர்க் கரையில் இறங்கினார்கள். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய சமயப் பணியாளர்கள். சீகன்பால்குக்கு அப்போது 24-ஐத் தொடும் வயது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில் தாம் சேர்த்த ஓலைச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மதம் பரப்ப வந்தவர்தான். ஆனால் எதிரில் இருப்பவர் என்ன படிக்கிறார், எதை நம்புகிறார் என்று இவ்வளவு உழைத்துத் தெரிந்துகொண்டவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

கடலுக்கு அருகே அவர் கட்டிய முதல் தேவாலயம் கடலின் சீற்றத்துக்கு ஆளாகவே, ஊருக்குள் இந்த ஆலயத்தை எழுப்பினார். 1718-ல் பிரதிஷ்டை நடந்தது. முகப்பில் கிரீடத்தோடு கூடிய மன்னரின் எழுத்து முத்திரையைக் கவனியுங்கள். கட்டடம் சிலுவை வடிவம். பீடத்துக்கு முன்னால் சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. ஆலயம் திறந்த சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் அவர் இறந்துபோனார். கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். பொறுமையாகக் காத்திருந்தால் பெரும்பாலும் யாராவது திறந்துவிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து கிழக்கே நடந்தால் உயரமான தூண்களும் அகன்ற தாழ்வாரமுமாகப் பழைய ஐரோப்பிய வீடுகள் வரும். சில இன்று பள்ளிக்கூடங்களாகவும் மடங்களாகவும் இருக்கின்றன. பிள்ளைகள் படிக்கும் இடங்கள் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1850-களின் பிற்பகுதியில் இவ்வூர் நீதிமன்றத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. பின்னாளில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற முதல் தமிழ் நாவலை வெளியிட்டவர் அவரே. அவரும் இந்தத் தெருவில்தான் நடந்திருப்பார்.

தெரு முடியும் இடத்தில் மைதானம் விரியும். வலப்புறம் கோட்டை, எதிரே கடல். இன்று கோட்டைக்குள் போக வேண்டாம், வெளியிலேயே உட்காருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது கோட்டைச் சுவரின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மையாக மாறும். ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். சுண்டல் வண்டி வரும். இருட்டிய பின் அலைச் சத்தம் மட்டும் மிஞ்சும். தரங்கம் என்றால் அலை. ஊரின் பெயருக்கு அலை பாடும் இடம் என்று பொருள் சொல்வார்கள். சொல்லாராய்ச்சி எப்படியிருந்தாலும், இரவு எட்டு மணிக்கு இங்கே உட்கார்ந்தவர்கள் அந்த விளக்கத்தை ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாம் நடை: விடியல்

ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். வங்கக் கடலில் சூரியன் எழுவதைப் பார்க்க இக்கரையில் இதைவிடச் சத்தம் குறைந்த இடம் அரிது.

கோட்டைக்கு வடக்கே கரையோரமாகப் போனால் மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ் கப்பல் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இது கடல் வணிகர்கள் புழங்கிய பட்டினம் என்பதற்கு இந்தக் கோயில்தான் சாட்சி. ஊரின் வரலாற்றைக் கோட்டையிலிருந்து தொடங்குவது தவறு, இங்கிருந்து தொடங்க வேண்டும். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் திருப்பணியும் நடந்தது. வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி ஒரு தீபம் எரியும். அதை வணங்கிவிட்டு நகருங்கள். பாசி படிந்த பாறைகளில் மட்டும் ஏறாதீர்கள், வழுக்கினால் இடுக்கில் கால் மாட்டும்.

மீனவர் பகுதிக் கரையில் இரவு போன ஃபைபர் படகுகள் வந்து சேரும் நேரம் இது. வலையிலிருந்து மீனைக் கழற்றுவதும், கூடைகளைச் சுற்றி ஏலம் நடப்பதும், பெண்கள் தலையில் அன்னக்கூடையோடு பேருந்துக்கு விரைவதும் பரபரப்பாக இருக்கும். சங்கரா, நெத்திலி, காரப்பொடி, மத்தி, வஞ்சிரம் என்று அன்றைக்குப் பட்டது எதுவோ அது. பார்க்கப் போகிறவர்கள் வேலைக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது. விரித்த வலைமேல் மிதிக்கக் கூடாது. "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

இந்தக் கரை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் பலரை இழந்தது. ஒவ்வொரு தெருவிலும் அந்த நாளைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், வேடிக்கைக் கதையாகக் கேட்டுத் துருவாதீர்கள்.

'ஓசோன் நிறைந்த கடற்கரை' என்று இவ்வூரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடற்காற்றின் தனி வாசனைக்குக் காரணம் ஓசோன் அல்ல. கடலில் உள்ள நுண்பாசிகளும் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் அந்த வாசனையைத் தருகின்றன. மூச்சில் கலக்கும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். தூசியும் புகையும் குறைந்த காற்று இங்கே இருக்கிறது. அதைச் சுவாசிக்க வேறு காரணம் தேவையில்லை.

கோட்டை: காலை பத்து மணி

வெயில் ஏறுமுன் டான்ஸ்போர்க் கோட்டைக்குள் போய்விடுங்கள். 1620-ல் கட்டத் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு காலத்தில் நான்கு பக்கமும் அகழியும், மேலே தூக்கி இறக்கும் பாலமும் இருந்தன. உள்முற்றத்தில் நின்று கடல் பக்கத்து இரண்டு மாடிக் கட்டடத்தைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் சரக்கறை, வெடிமருந்துக் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் வணிகர்களும் பாதிரியாரும் தங்கினார்கள். மேல்தளக் கூடத்தில் நடுவிலுள்ள ஒற்றைத் தூண் ஒட்டகத் திமில் போன்ற நான்கு வளைகூரைகளைத் தாங்குகிறது. இக்கோட்டையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் அழகு அதுதான். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

இக்கோட்டையில் இருவரை நினைவில் கொள்ளலாம். ஒருவர் யோன் ஓலாஃப்சன், ஐஸ்லாந்துக்காரர். 1620-களில் இங்கே காவல் வீரராக இருந்தார். வெடிவிபத்தில் காயப்பட்டு ஊர் திரும்பி, முதுமையில் தம் நினைவுகளை எழுதிவைத்தார். பனி உறையும் தீவில் பிறந்த ஒருவர் சோழமண்டல வெயிலில் காவல் நின்ற கதை அது. மற்றவர் சீகன்பால்க். உள்ளூர்த் தளபதியோடு ஏற்பட்ட மோதலில் அவரை இதே கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார்கள். அரசர் அனுப்பிய ஆளை அரசரின் அதிகாரியே பூட்டிவைத்தார். வணிகத்தின் கணக்கும் சமயப் பணியின் கணக்கும் ஒத்துப்போகவில்லை.

அருங்காட்சியகத்தில் டேனிஷ் காலத்துக் காசுகள், ஆவணங்கள், பீங்கான் பாத்திரங்கள், நிலவரைபடங்கள் இருக்கின்றன. நிலவரைபடத்தின் முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். நேற்று மாலை நீங்கள் நடந்த தெருக்களை அதில் அடையாளம் காணலாம். பிறகு மதில்மேல் ஏறிக் கடலைப் பாருங்கள். பீரங்கிகளில் குழந்தைகளை ஏற்றி உட்காரவைக்காதீர்கள், வெயிலில் இரும்பு கொதிக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும், தொப்பியும் வேண்டும்.

கோட்டைக்கு எதிரே பெரிய தூண்களோடு நிற்பது ஆளுநர் மாளிகை. ஆங்கிலேயர் காலத்தில் நீதிமன்றமாகவும் உப்புக் கிடங்காகவும் இருந்து நைந்துபோனது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் சேர்ந்து செப்பனிட்டன. பழைய சுண்ணாம்புப் பூச்சு எவ்வளவு வழவழப்பாக இருந்திருக்கும் என்பதைத் தூண்களைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எழுத்தும் அச்சும் புறாவும்

நேரம் இருப்பவர்கள் சீகன்பால்க் இல்லத்தை விட்டுவிடாதீர்கள். அவர் வாழ்ந்த இடம் 2017 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. தமிழ் அச்சு வரலாற்றில் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்தன. அவை அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றுதீர்த்தன. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714-15-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பொறையாறில் ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள். தமிழ் அச்சு இதற்கு முன்பே, 1578-ல், போர்த்துகீசியர் மூலம் கொல்லத்தில் தொடங்கிவிட்டது உண்மை. ஆனால் எழுத்து வார்ப்பு, அச்சகம், காகிதம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தது இங்கேதான்.

செடி கொடிகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. லின்னேயஸிடம் படித்த யோஹான் கேர்ஹார்ட் கோனிக் 1768-ல் மருத்துவராக இங்கே வந்து தாவரங்களைச் சேகரித்தார். அவரைத் தொடர்ந்து இயற்கை ஆராய்ச்சியாளர்கள் பலர் இவ்வூரில் வேலை செய்தார்கள். சிவந்த உடலும் பின்கழுத்தில் கறுப்புப் பட்டையும் கொண்ட ஒரு புறா வகைக்கு 'ஸ்ட்ரெப்டோபீலியா ட்ராங்குபாரிகா' என்று அறிவியல் பெயர். ட்ராங்குபார் என்பது ஐரோப்பியர் வாயில் நம் தரங்கம்பாடி. பயணத்தில் எங்காவது மின்கம்பியில் அந்தப் புறா உட்கார்ந்திருந்தால் இவ்வூரின் பெயரைச் சுமந்துகொண்டு இருக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

சீகன்பால்க் இல்லத்தை விட்டு வெளியே வந்ததும் ராணி வீதி, தட்டாரத் தெரு, பள்ளிவாசல் தெரு என்று குறுக்கே போய்வாருங்கள். திண்ணையும் ஓட்டுக்கூரையும் மரத்தூணும் கொண்ட தமிழ் வீடுகள் இங்கே. ஆழிப்பேரலைக்குப் பிறகு தட்டாரத் தெருவில் சில வீடுகளை 'இன்டாக்' மரபுப் பாதுகாப்பு அமைப்பு பழைய முறைப்படியே மீட்டெடுத்தது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சில நிமிட நடையில் அடுத்தடுத்து வரும். திண்ணையில் பாட்டிகள் உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லுங்கள். "எந்த ஊரு தம்பி?" என்ற கேள்வி வரும். பதில் சொல்லிவிட்டு அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். எந்த வழிகாட்டி நூலும் தராத செய்தி அங்கே கிடைக்கும்.

சாப்பாடும் தங்கலும்

கடலைப் பார்த்த பழைய பங்களாவில் தங்கும் வசதியும், ஊருக்குள் எளிய விடுதிகளும் உண்டு. அறைகள் எண்ணிக்கை குறைவு. பொங்கல் விடுமுறையிலும் ஆண்டு இறுதியிலும் முன்பதிவு இல்லாமல் வராதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ திருக்கடையூரிலோ தங்கி, விடியலுக்கு இங்கே வந்துவிடலாம்.

சாப்பாட்டுக் கடைகள் சிறியவை. மதியச் சாப்பாட்டில் அன்றைய மீன் குழம்பு நன்றாக இருக்கும். என்ன மீன் என்று கேட்டு வாங்குங்கள். காலையில் பதினொரு மணிக்கே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். இரவு சீக்கிரம் கடை சாத்திவிடுவார்கள், எட்டரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. காரைக்கால், நாகூர்ப் பக்கம் போகிறவர்கள் மாலையில் இறால் வைத்த வாடாவைச் சூடாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் பார்க்க

*அனந்தமங்கலம்:* சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ராஜகோபாலசுவாமி கோயிலில் மூன்று கண்களும் பத்துக் கைகளுமாக நிற்கும் ஆஞ்சநேயர் புகழ்பெற்றவர். இங்கிருந்து 1978-ல் திருடுபோன ராமர், சீதை, லட்சுமணர் செப்புத் திருமேனிகள் 2020-ல் லண்டனிலிருந்து மீட்கப்பட்டன.

*திருக்கடையூர்:* சுமார் 8 கிலோமீட்டர். அமிர்தகடேசுவரர், அபிராமி அம்மன் கோயில். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடத்த வரும் குடும்பங்களால் முகூர்த்த நாட்களில் நெரிசலாக இருக்கும். சாதாரண நாளில் பிற்பகல் நடை திறந்ததும் போங்கள்.

*பூம்புகார்:* வடக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காவிரி கடலில் கலக்கும் இடம். 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கதை முழுவதும் கற்சிற்பங்களாக இருக்கிறது. விடுமுறை நாட்களில் கடற்கரையில் கூட்டம் அலைமோதும்.

*காரைக்கால்:* அரசலாற்று முகத்துவாரம், நீண்ட நடைபாதை, பரந்த மணல். குழந்தைகள் ஓடி விளையாட ஏற்றது. காரைக்கால் அம்மையார் கோயிலில் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா.

*வேளாங்கண்ணி:* தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் இந்தச் சாலை முழுவதும் நடைப்பயணிகள் வருவார்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

கடலிடம் கவனம்

தரங்கம்பாடிக் கடல் குளிப்பதற்கு ஏற்றதல்ல. கரை சட்டென்று ஆழமாகும். கற்களுக்கு அருகே நீரோட்டம் இழுக்கும். பழைய கட்டடங்களின் இடிபாடுகளும் தண்ணீருக்கடியில் இருக்கலாம். முழங்கால் அளவோடு நில்லுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். மீனவர்கள் படகு இறக்காத நாளில் நீங்களும் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். அவர்களைவிட நன்றாக இந்தக் கடலைப் படித்தவர்கள் யாரும் இல்லை.

சுவர்களில் பெயர் எழுதாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் உப்புக்காற்றோடு அன்றாடம் போராடுகிறது, அதில் ஆணியும் சாவியும் கீறும் கோடு வழியே ஈரம் உள்ளே போகும். வாங்கிய பொட்டலக் காகிதத்தையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பையிலேயே எடுத்துப்போங்கள்.

ஒரு பார்வையில் உங்கள் நாள்

மாலை 4.00 – நகர வாயில், ராஜ வீதி, இரண்டு தேவாலயங்கள்
மாலை 5.30 – கோட்டை மைதானம், கடற்கரை
காலை 5.30 முதல் – கடற்கரை, சூரிய உதயம், மாசிலாமணிநாதர் கோயில்
காலை 6.30 – மீன் ஏலம்
காலை 8.30 – சிற்றுண்டி, ஓய்வு
காலை 10.00 – கோட்டை, அருங்காட்சியகம்
காலை 11.30 – ஆளுநர் மாளிகை, சீகன்பால்க் இல்லம்
நண்பகல் 1.00 – மீன் சாப்பாடு
பிற்பகல் 4.00 – அனந்தமங்கலம், திருக்கடையூர்

கிளம்புமுன் ஒரு வேலை பாக்கி. மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் பின்னால் பத்திரமான ஓர் இடத்தில் நின்று, கோயிலும் கற்களும் அலையும் சேர்ந்து தெரிய ஒரு படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலின் முன்பகுதி போனது இந்தக் கடலில். சீகன்பால்கின் முதல் தேவாலயத்தை விட்டு ஊருக்குள் நகர வேண்டி வந்ததும் இதே கடலால். சில ஆண்டுகள் கழித்து மறுபடி வரும்போது அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.